சைக்கிள் புத்தகம் வாங்கும் முன் இடது பெடலைத் தேடுங்கள்

சைக்கிள் ஓட்டும் முறையையும் அதைப் பராமரிக்கும் விதத்தையும் புத்தகம் வழியாகக் கற்க விரும்புவோர் முதலில் கேட்பது, ‘எந்தப் புத்தகம் சிறந்தது?’ என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பயனுள்ள விடை கிடையாது. ஒற்றைப் பல்சக்கரமும் ராடு பிரேக்கும் கொண்ட பழைய சைக்கிளை வைத்திருப்பவருக்கு, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கையும் மின்னணு கியரையும் விளக்கும் புத்தகம் எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் பாதிக்கு மேல் வீண். ஆகவே முதலில் உங்கள் சைக்கிளை அறிந்துகொண்டு, பிறகு கையில் எடுக்கும் எந்தப் புத்தகத்தையும் ஐந்தே நிமிடத்தில் சோதித்துப் பார்க்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: உங்கள் சைக்கிளைப் படித்துக் குறிப்பெடுங்கள்

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சைக்கிளின் அருகில் உட்காருங்கள். டயரின் பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்தால் 37-622 என்பதைப் போல இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில் சொல்லப்படுபவை. குறித்துக்கொள்ள வேண்டியது இந்த எண்களைத்தானே தவிர, ‘26 அங்குலம்’ என்ற பெயரை அல்ல. ஏனெனில் அந்தப் பெயரில் விற்கப்படும் டயர்களில் 559 மி.மீ. விட்டமுடையதும் உண்டு, 590 மி.மீ. விட்டமுடையதும் உண்டு, ஒன்றுக்குரிய டயர் மற்றொன்றின் ரிம்மில் பொருந்தாது. மாறாக, 700சி என்றும் 29 அங்குலம் என்றும் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 622 மி.மீ.

அடுத்து, டியூபின் வால்வு கார் டயரில் உள்ளதைப் போன்ற தடித்த ஷ்ரேடரா, மெல்லிய பிரெஸ்டாவா, வால்டியூப் போடும் பழைய வுட்ஸ் வகையா என்று பாருங்கள். பிரேக் ரிம்மைப் பிடிக்கிறதா, டிஸ்க்கைப் பிடிக்கிறதா, டிஸ்க் என்றால் கேபிளால் இயங்குகிறதா எண்ணெயால் இயங்குகிறதா, பின்னால் எத்தனை பல்சக்கரங்கள் இருக்கின்றன என்பவற்றையும் எழுதிக்கொண்டால் போதும். இந்த ஆறேழு வரிக் குறிப்புதான் இனி உங்கள் அளவுகோல்.

இரண்டாம் படி: ஓட்டுவதற்கு ஒன்று, பழுதுபார்க்க ஒன்று

ஓட்டும் திறனும் பழுதுபார்ப்பும் வெவ்வேறு கலைகள். இரண்டையும் ஒரே அட்டைக்குள் அடக்கித் தருவதாகச் சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலும் இரண்டுமே மேலோட்டமாக முடிந்துவிடும் என்பது என் அனுபவம். நூலகங்களும் இவற்றைத் தனித்தனி அலமாரியில்தான் வைக்கின்றன. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில், விளையாட்டு சார்ந்த சைக்கிள் நூல்கள் 796.6 என்ற எண்ணிலும், சைக்கிளின் அமைப்பைப் பற்றியவை 629.2272 என்ற எண்ணிலும், பழுதுபார்ப்பு நூல்கள் 629.28772 என்ற எண்ணிலும் இருக்கும். ஓர் அலமாரியில் ஏமாற்றமடைந்து வெளியேறும் வாசகர், தேடிய நூல் அடுத்த வரிசையில் இருந்ததை அறியாமலே போய்விடுவதுண்டு.

கணினிப் பட்டியலில் தமிழில் தேடும்போது ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல் சைக்கிள், மிதிவண்டி, ஈருருளி, துவிச்சக்கர வண்டி ஆகிய நான்கையும் இட்டுப் பாருங்கள். பட்டியல் தயாரித்தவர் எந்தச் சொல்லைக் கையாண்டார் என்பது நமக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் தேடினால் ‘மெயின்டனன்ஸ்’ என்ற சொல் ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ என்ற புகழ்பெற்ற நூலையும் இழுத்து வந்து முன்னால் போடும். அது தத்துவ நூல். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் கூட அதை அதிகம் நம்ப வேண்டாம் என்று நூலாசிரியரே முன்குறிப்பில் எச்சரித்திருக்கிறார்.

மூன்றாம் படி: ஆண்டைப் பாருங்கள்

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பாண்டு இருக்கும். பழைய புத்தகமாக இருந்து அந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணை எண்ணிப் பாருங்கள்: 2007 ஜனவரி முதல் அந்த எண் 13 இலக்கமாக மாறிவிட்டதால், 10 இலக்கம் மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்திய அச்சு.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் ‘டக்’ என்ற படிநிலையோடு மாறும் கியர் முறையை அறிமுகப்படுத்தியது 1984-இல். ஹேண்டில்பார் தண்டை, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் மேல் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் மரையில்லா அமைப்பு பரவியது 1990-களில். அதே ஷிமானோவின் மின்னணு கியர் வந்தது 2009-இல். அதற்காகப் புதிய புத்தகமே எப்போதும் மேல் என்று கொள்ள வேண்டாம். ஆப்பு அடித்துப் பொருத்திய கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) எப்படிக் கழற்றுவது என்பதை இன்றைய புத்தகங்கள் ஒரு பத்தியில் கடந்துவிடும், 1970-களின் புத்தகமோ படத்தோடு மூன்று பக்கம் எழுதியிருக்கும். சைக்கிளின் வயதுக்குப் பொருந்தும் புத்தகமே நல்ல புத்தகம்.

நான்காம் படி: பழுதுபார்ப்பு நூலுக்கு மூன்று சோதனைகள்

இனி புத்தகத்தைக் கையில் எடுங்கள். முன்னுரையைப் படிக்காதீர்கள், எல்லா முன்னுரைகளும் இனிமையானவை. பின்னால் உள்ள சொல்லடைவைத் திறந்து ‘பெடல்’ என்ற சொல்லைத் தேடிச் செல்லுங்கள். சொல்லடைவே இல்லாத பழுதுபார்ப்பு நூலை, கை முழுக்கக் கிரீஸோடு நிற்கும் நேரத்தில் நீங்கள் சபிப்பீர்கள்.

இடது பெடலில் இருப்பது இடமரை. அதாவது, மற்ற மரையாணிகளுக்கு நேர்மாறாக, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். புத்தகம் இதைச் சொல்லாவிட்டால் அதை உடனே மூடிவிடலாம். சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்கிறதா என்று பாருங்கள்: மிதிக்கும்போது பெடல் அச்சின் மீது விழும் பாரம் சுற்றிச் சுற்றி வருவதால், அச்சு தன் துளைக்குள் எதிர்த்திசையில் மெல்ல உருளப் பார்க்கிறது, இடப்பக்கம் வழக்கமான மரை இருந்தால் அந்த உருளலே அதைக் கழற்றிவிடும். மிகச் சிறந்த நூல் இன்னும் ஒரு படி மேலே போய், நினைவில் நிற்கும் ஒரு வழியையும் தரும்: எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்குமாறு மாட்டி, பின்சக்கரத்தின் திசையில் தள்ளினால் பெடல் தளரும்.

இங்கே என் சொந்த இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பளபளப்பான வண்ணப் படங்களை நம்பி நான் வாங்கிய ஒரு புத்தகத்தில், பெடலைக் கழற்றும் படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. படத்தில் காட்டியபடியே முழு பலத்தோடு திருப்பி, கிராங்கின் மரையைத் தின்ன வைத்த பிறகுதான், அந்தப் படத்தில் செயின் சைக்கிளின் இடப்பக்கம் இருப்பதைக் கவனித்தேன். சைக்கிளில் செயின் வலப்பக்கம்தான் இருக்கும். அன்றுமுதல் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதலில் படங்களில் செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது சோதனை செயின் தேய்மானம். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. புதிய செயினில் 24 இடைவெளிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். பின்கள் தேயத் தேய இந்த நீளம் கூடும். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் தேய்மானம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. பின்னால் 11 அல்லது அதற்கு மேற்பட்ட பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளில் அந்நிலையிலேயே செயினை மாற்றிவிடுவதும், அதற்குக் குறைந்தவற்றில் 0.75 வரை விடுவதும் பொதுவான வழக்கம். நல்ல புத்தகம் இந்த அளவுகளைத் தரும். அத்துடன் தேய்ந்த செயின் பல்சக்கரங்களையும் தின்றுவிடும் என்பதையும் சொல்லும். ‘செயின் தளர்ந்தால் மாற்றவும்’ என்று மட்டும் எழுதும் புத்தகம் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

மூன்றாவது சோதனை சற்று நுட்பமானது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில், பால் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ ‘கோனை’ இறுக்கும் பகுதியைத் திறந்து, ஸ்பேனர் இல்லாமலே கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் நெம்புகோல் உள்ள சக்கரத்துக்குத் தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நெம்புகோலை மூடும்போது அச்சு மிகச் சிறிதளவு அழுந்துவதால், கோனை இறுக்கும்போதே கொஞ்சம் ஆட்டம் விட்டுவைக்க வேண்டும். சைக்கிளில் மாட்டி மூடியதும் அந்த ஆட்டம் மறைந்துவிடும். விடாவிட்டால் பால் பேரிங் இறுகித் தேய்ந்துபோகும். இதைக் குறிப்பிடும் நூலாசிரியர் தம் கையால் வேலை செய்தவர் என்று நம்பலாம்.

ஐந்தாம் படி: ஓட்டும் திறனுக்கான நூலைச் சோதிப்பது

இங்கே பார்க்க வேண்டிய பக்கம் பிரேக். சமதளமான உலர்ந்த சாலையில் சைக்கிளை விரைவில் நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு உண்டு, ஏனெனில் வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சொல்லும் புத்தகத்தை விட்டுவிடுங்கள். உடலைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை ஊன்றி, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அழுத்தத்தைக் குறைப்பது என்று உடற்பயிற்சிபோல் வகுத்துச் சொல்வதுதான் கற்பிக்கும் நூல். திருப்பத்தைப் பற்றிய பக்கத்திலும் இதே தெளிவு வேண்டும்: திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்தல், வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்தல், பார்வையைத் திருப்பம் முடியும் இடத்தில் நிறுத்துதல்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. புத்தகம் எந்த நாட்டுச் சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதைக் கண்டறியாமல் படிக்காதீர்கள். பிரிட்டனில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன, முன் பிரேக்கின் கைப்பிடி வழக்கமாக வலக்கையில் இருக்கும். அமெரிக்காவில் இரண்டுமே நேர்மாறு. ஆகவே ‘இடக்கைப் பிரேக்கை அழுத்துக’ என்ற வரி, எங்கே அச்சானது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். உங்கள் சைக்கிளில் எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்று தள்ளிப் பார்த்து முதற்படியின் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தேடலைத் தொடங்கச் சில பெயர்கள்

பழுதுபார்ப்புக்கு, லெனார்ட் ஸின் எழுதி 1996-இல் மலைச் சைக்கிளுக்கும் பின்னர் சாலைச் சைக்கிளுக்கும் வெளிவந்த நூல்கள் ஒரு நல்ல தொடக்கம். ‘ஸின் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மவுண்டன் பைக் மெயின்டனன்ஸ்’ என்பதைப் போன்ற அவற்றின் தலைப்புகள் மேலே சொன்ன பிர்சிக்கின் தலைப்போடு விளையாடுபவை என்பது இப்போது உங்களுக்குப் புரியும். பார்க் டூல் என்ற கருவி நிறுவனத்துக்காக கால்வின் ஜோன்ஸ் எழுதிய பெரிய நீல நூலில் படங்கள் தெளிவு. கருவி விற்பவர்களின் புத்தகம் என்பதால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கருவி தேவைப்படுவதைப்போலத் தோன்றும், அதற்கு அஞ்ச வேண்டாம். சக்கரக் கோட்டம் எடுப்பதோடு நில்லாமல் ஸ்போக் கோத்துச் சக்கரமே கட்ட விரும்பினால், ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட சக்கரம் பற்றிய நூலைத் தேடுங்கள். பாரம் ஏறும்போது தரையைத் தொடும் பகுதியின் ஸ்போக்குகளில்தான் இழுவிசை குறைகிறது என்பதை அது விளக்கும் விதம் படிக்க வேண்டிய ஒன்று.

சாலையில் ஓட்டுவதற்கு ஜான் பிராங்க்ளினின் ‘சைக்கிள்கிராப்ட்’ பிரிட்டன் சாலைகளை வைத்து எழுதப்பட்டது. சாலை ஓரத்தில் ஒண்டாமல் எப்போது நடுவில் ஓட்ட வேண்டும், நிறுத்திய காரின் கதவு திறந்தால் அதன் வீச்சுக்கு எட்டாமல் எப்படி விலகிச் செல்வது என்பவற்றில் அது வலுவானது. ஜான் பாரெஸ்டரின் ‘எஃபெக்டிவ் சைக்கிளிங்’ எம்.ஐ.டி. பதிப்பகத்தின் வெளியீடு, ஏழாம் பதிப்பு 2012-இல் வந்தது. சைக்கிளோட்டியும் வாகன ஓட்டியைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையில் ஊறிய நூல் அது. தனிச் சைக்கிள் பாதைகள் மேல் அவர் காட்டும் வெறுப்பை ஏற்காதவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் சந்திப்புகளைக் கடப்பது பற்றிய பகுதிகள் படிக்கத் தக்கவை.

ஏழாம் படி: வாங்கும் முன் ஒரு வேலையைச் செய்து பாருங்கள்

நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அந்தப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஒரு பஞ்சர் ஒட்டுங்கள். டியூபை முழுவதுமாக உருவும் முன், ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்து, டயரின் உட்புறத்தில் அதே இடத்தைத் தடவி முள்ளைத் தேடச் சொல்கிறதா? சொல்யூஷன் தடவி, அதன் ஈரப் பளபளப்பு மங்கும் வரை பொறுத்த பிறகே பேட்ச் வைக்கச் சொல்கிறதா? இந்த இரண்டும் விட்டுப்போயிருந்தால் அரை மணி நேரத்தில் மீண்டும் காற்று இறங்கிய டயரோடு நிற்பீர்கள், புத்தகத்தின் தரமும் தெரிந்துவிடும்.

ஹைட்ராலிக் பிரேக் உள்ளவர்கள் மட்டும் இதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். எந்தப் புத்தகத்தை வாங்கினாலும், பிரேக் தயாரித்த நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பணிக் கையேட்டை எடுத்து அதன் நடுவே செருகிவையுங்கள். ஷிமானோ பிரேக்குகள் மினரல் ஆயில் கேட்பவை, வேறு சில நிறுவனங்களின் பிரேக்குகள் டாட் (DOT) என்ற குறியீடு கொண்ட வேறு வகைப் பிரேக் திரவம் கேட்பவை. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் கெட்டு பிரேக்கே பிடிக்காமல் போய்விடும்.