ஏஏ கூட்டம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்பி கசங்கிய காகிதத்தைக் காட்டி வழி கேட்டார். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழு. அதன் கூட்டம் நடக்கும் இடத்தின் விலாசம். கூட்டம் அங்கிருந்து மாறி வெகு நாளாகிறது. பதினொரு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு காகிதத்தோடு இங்கேதான் நின்றேன்.

குடித்துவிட்டுப் போகாதே, பாதியில் எழுந்து ஓடாதே என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

போன் செய்யாமல் போய் நிற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பெரும்பாலும் ஏஏ குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சர்ச்சில் ஒரு அறை, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு, யாராவது கொடுக்கிற ஹால். அங்கே ஒரு கல்யாணமோ கிறிஸ்துமஸ் ஒத்திகையோ வந்தால் கூட்டம் இடம் மாறும், சில சமயம் கிழமையும் மாறும். கையில் இருக்கும் சீட்டு எந்தக் காலத்தது என்று பார்த்தால் தெரியாது.

அப்போது நான் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் குடிக்காமல், நடுங்குகிற கையோடு ஷேவ் செய்து, சட்டை தேய்த்துப் போட்டு, பஸ் ஏறி குன்னூர் வந்தேன். அறை பூட்டியிருந்தது. வாட்ச்மேன், “அவங்க இப்போ இங்க வர்றதில்லைங்க” என்றார். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. மழை வேறு.

அந்தப் பூட்டைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ‘நான் போனேன், அவங்கதான் இல்லை.’ வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு மேலும் பதினான்கு மாதம் குடித்தேன். லைசென்ஸ் போனதும், என் மனைவி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனதும் அந்தப் பதினான்கு மாதத்தில்தான்.

இத்தனைக்கும் அந்தச் சீட்டின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. என் போனில் சார்ஜும் இருந்தது. பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர் என்று கேட்பார்கள் என்ற பயம். அப்படிக் கணக்கு ஒப்பிக்கத் தேவையே இல்லை. உங்கள் பேரை மட்டும் சொன்னால் போதும், முழு விவரம் வேண்டாம். ஏஏ-யில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

இந்த இயக்கமே ஒரு போனில் ஆரம்பித்ததுதான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊர். வியாபாரம் கைநழுவிப்போய் பில் வில்சன் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் மது பார், இந்தப் பக்கம் டெலிபோன். அவர் சர்ச்சுகளின் நம்பரைப் பார்த்து போன் போட்டார். அப்படி அவருக்குக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். இருவரும் குடிநோயாளிகள், பேசிப் பேசியே தாங்கிக்கொண்டார்கள். ஏஏ அங்கிருந்து வந்தது.

சரி, போனில் என்ன கேட்பது? இந்த வாரம் எங்கே, எத்தனை மணிக்கு, தமிழில் பேசுவார்களா. அப்புறம், கூச்சப்படாமல், “பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது வர முடியுமா சார்?” என்று கேளுங்கள். முடிந்தால் வருவார்கள். நானே எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறேன். போனை எடுக்கவில்லையா, மறுபடி அடியுங்கள். எடுக்கிறவரும் சம்பளமில்லாமல் செய்கிறவர், பகலில் வேலைக்குப் போகிறவர்.

கூட்டத்துக்காகத் திடீரென்று நிறுத்துவது

இரண்டு நாள் குடிக்காமல் போனேன் என்றேனே, அதுவும் தவறுதான். பிழைத்தது அதிர்ஷ்டம். பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த ஓரிரு நாளில் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கலாம். உயிர் போகிற விஷயம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள், அரசு மருத்துவமனை போதும். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு விட்டுப் பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசலாம். ஏஏ கூட்டத்தில் மருந்தும் கிடையாது, கட்டிலும் கிடையாது. இதைத் தெரியாமல் பெட்டி படுக்கையோடு வந்தவர்களும் உண்டு.

யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கீழே போய்த் தேடுவது

வாரா வாரம் மலை இறங்கி கோயம்புத்தூர் போய்வர முடியாது. மூன்றாம் வாரம் நின்றுவிடும். நீங்கள் ரோட்டில் விழுந்து கிடந்ததை ஊர் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

வீட்டுக்காரம்மாவையும் உள்ளே கூட்டிப் போவது

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு, 1951-இலிருந்து.

கட்டணம் எவ்வளவு என்று யோசிப்பது

இல்லை.

போகிற வழியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது

சிரிக்காதீர்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நம் நீலகிரியில்தான் முதலில் வந்தது. காட்டுக்கும் யானைக்கும் நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் காசு தேற்றப் போன ஒருவர் டாஸ்மாக் கவுன்ட்டரைத் தாண்டி வரவே இல்லை. பாட்டிலை வீட்டில் வேறு யாராவது கொடுக்கட்டும்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் வருவது

கேளுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லும்போது உங்கள் கண் கடிகாரத்தில்தான் இருக்கும்.