பழைய பிக்கப்புக்கு இழுவைக் கொக்கி: பம்பரில் மாட்டாதீங்க

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றில் ஏறும் விசை, வண்டியின் எடையையே தாண்டிவிடலாம். அதனால் கொக்கி பம்பரில் அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில்தான் உட்காரணும். பழைய பொலிரோ, டாடா 207 போன்றவற்றில் முதலில் முன்பக்க சேசிஸ் நுனியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்க. ணங்கென்று கேட்டால் சரி. மொத்தையாகச் சத்தம் வந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தால், கொக்கி வேலையை ஒத்திப்போட்டு அதைச் சரிசெய்யுங்க.

போல்ட் தலையில் அதன் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும், அதைப் பார்த்தே வாங்கணும். ஒரு கொக்கிக்குக் குறைந்தது இரண்டு போல்ட், உள்பக்கம் கனமான தகடு, அதிர்வில் கழன்றுவிடாத லாக் நட்டு. "வெல்டு வச்சுடலாம் சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார் பட்டறைக்காரர். தலையாட்டிடாதீங்க. சூடு பட்ட ஓரத்தில்தான் பின்னாடி விரிசல் விடும்.

பம்பருக்கு ஒரிஜினல் அளவிலேயே கனமான இரும்பு பம்பர் போதும், அதையும் சேசிஸ் பிராக்கெட்டிலேயே முடுக்குங்க. ரொம்பக் கனமாகப் போட்டால் முன் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும். மேலே புல்பார் (முன்பக்கம் கூடுதலாக மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்) வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது, அபராதம் உண்டு.

இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்க. அறுந்தாலும் துள்ளல் குறையும். கயிற்றுக்கு நேரே யாரையும் நிற்கவிடாதீங்க.