ஏர் ஃபில்டர் மாத்தினா கார் பறக்குமா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி மீன் தொட்டி ட்யூப் வெச்சு அளந்து பாருங்க

எங்கிட்ட இருக்கறது 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர் எஞ்சின், பவர் கம்பெனி கணக்குல 85 பிஎச்பி பக்கம் வரும். ஊரு கோயமுத்தூர். வண்டி வாங்கி ரெண்டு வருஷத்துல ஒரு ஆக்சஸரீஸ் கடைல "கோன் ஃபில்டர் போடுங்க, பிக்கப் அப்படியே மாறிடும், மைலேஜும் ஏறும்"னு சொன்னாங்க, நானும் நம்பி போட்டேன். கோன் ஃபில்டர்னா டப்பா இல்லாம, கூம்பு மாதிரி பானெட்டுக்கு கீழ திறந்தே இருக்கற ஏர் ஃபில்டர். முதல் வாரம் சத்தம் கேட்டு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் மே மாச வெயில்ல காந்திபுரம் சிக்னல்ல நின்னு நின்னு போறப்போ வண்டி முன்னைவிட மந்தமா இருக்கற மாதிரி தோணுச்சு, ஆனா தோணுறத வெச்சு எதையும் சொல்ல முடியாதுல்ல, அப்போதான் இத நாமளே அளந்து பாக்கணும்னு இறங்கினேன். அதைத்தான் புதுசா கத்துக்கறவங்களுக்கு புரியற மாதிரி எழுதறேன். மெக்கானிக் வேலை எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம், பானெட்ட திறக்கத் தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு

பெட்ரோல் எரிய எடைக்கு எடை 14.7 மடங்கு காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்னா முக்கா கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, அதுக்கு 11 கிலோ கிட்ட காத்து, அளவுல சொன்னா 9000 லிட்டருக்கு மேல. அவ்வளவும் அந்த ஒரு பேப்பர் ஃபில்டர் வழியாத்தான் போகுது. அதனால "ஃபில்டர்ல அடைப்பு கம்மியானா பவர் ஏறும்"னு சொல்றது தப்பில்ல, அடிப்படை சரிதான். ஏறினா எவ்வளவு ஏறும்ங்கறதுதான் கேள்வி.

இன்னொன்னு, இத புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துரும். பெட்ரோல் கார்ல நீங்க ஆக்சிலரேட்டர லேசா மிதிக்கறப்போ காத்த தடுத்து நிறுத்தறது ஃபில்டர் இல்ல, த்ராட்டில் பாடிக்குள்ள, அதாவது எஞ்சினுக்கு காத்து போற வாய்க்குள்ள, உங்க மிதிக்கு ஏத்த மாதிரி திறந்து மூடற தகடுதான். அது பாதி மூடிருக்கறப்போ அதுக்கு முன்னாடி இருக்கற ஃபில்டர் கொஞ்சம் தாராளமா காத்து விட்டா என்ன, விடலேன்னா என்ன, எஞ்சினுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கால வெச்சு அந்த தகட்ட இம்மி திறந்தோ மூடியோ சரி பண்ணிடுவீங்க. அதனாலதான் மைலேஜ் ஏறும்னு சொல்றத நான் நம்பறதில்ல. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துல 2009ல இத சோதிச்சு பாத்திருக்காங்க, பெட்ரோல கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கற இன்ஜெக்ஷன் எஞ்சின் உள்ள கார்ல ஃபில்டர் நல்லா அடைச்சுப்போனாலும் மைலேஜ் குறிப்பிடற அளவுக்கு குறையல, ஆனா ஆக்சிலரேஷன் அடி வாங்குச்சு. புது ஃபில்டர் போட்டா 6லேர்ந்து 11 சதவீதம் வரைக்கும் ஆக்சிலரேஷன் நேரம் நல்லாகும்னு அதுல வந்துச்சு. கவனிங்க, அது கடுமையா அடைச்ச ஃபில்டருக்கும் புது ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசம். புது பேப்பர் ஃபில்டருக்கும் பேப்பருக்கு பதிலா பஞ்சுத்துணி இருக்கற, கழுவி திரும்ப போடற காஸ்ட்லி காட்டன் ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசம் இல்ல. கம்ப்யூட்டர் இல்லாம காத்தோட்டத்தாலயே பெட்ரோல கலக்கற பழைய கார்புரேட்டர் வண்டின்னா கதை வேற, அதுல மைலேஜும் கொஞ்சம் மாறும்.

ஸ்டெப் 1: ஏர் பாக்ஸ திறந்து பாருங்க

எஞ்சின ஆஃப் பண்ணி ஆறவிட்டு பானெட்ட தூக்குங்க. கருப்பு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பக்கம் தடியான ரப்பர் ஹோஸ் எஞ்சினுக்கு போகும், அதுதான் ஏர் பாக்ஸ். சுத்தி கிளிப் இருக்கும், சில வண்டில ஸ்க்ரூ. கழட்டி ஃபில்டர வெளிய எடுங்க.

மடிப்புக்குள்ள பாருங்க. எங்க வண்டில வேப்பம்பூ, கொசு, செம்மண்ணு எல்லாம் இருந்துச்சு. இது அழுக்கு பக்கம், இப்படி இருக்கறது நல்லதுதான், ஃபில்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடுத்து ஒரு வெள்ளைத் துணிய எடுத்து ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது எஞ்சினுக்கு போற ஹோஸோட உள்பக்கத்த தொடச்சு பாருங்க. துணி சுத்தமா வந்தா நல்லது. மண்ணு ஒட்டிட்டு வந்தா ஃபில்டர் சரியா உக்காரல இல்ல எங்கியோ கிழிஞ்சிருக்கு, பவர் யோசிக்கறதுக்கு முன்னாடி அத சரி பண்ணுங்க, ஏன்னா அந்த மண்ணு சிலிண்டர் சுவத்தையும் ரிங்கையும் தேய்ச்சுட்டே இருக்கும்.

வாட்டர் சர்வீஸ்ல ஏர் அடிச்சு சுத்தம் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும். சுத்தமான பக்கத்துலேர்ந்து அழுக்கு பக்கமா, தூரமா வெச்சு, மெதுவா அடிக்கணும். கிட்ட வெச்சு ஃபுல் பிரஷர்ல அடிச்சா பேப்பர் பொத்துக்கும். அடிச்சு முடிச்சதும் வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பாருங்க, ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் தூக்கிப் போட்டுடுங்க.

ஸ்டெப் 2: அளக்கற கருவிய செய்யுங்க

இதுதான் இந்த பதிவோட உயிர், பொறுமையா படிங்க.

தேவையானது: மீன் தொட்டிக்கு காத்து விடற ட்யூப் ஒரு 4 மீட்டர், ஒரு அட்டை இல்ல பிளைவுட் துண்டு, ஸ்கேல், செல்லோ டேப், சொட்டு நீலம். மொத்தமா நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

ட்யூபோட ஒரு முனைய பிளைவுட்ல யூ மாதிரி வளைச்சு ஒட்டுங்க, ரெண்டு காலும் அரை மீட்டர் உயரம் இருக்கட்டும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டினாப்புல இருக்கணும். நடுவுல ஸ்கேல். பாதி உயரத்துக்கு தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு நீலம் விட்டா தண்ணி மட்டம் பளிச்சுனு தெரியும். ஒரு கால் வெளிக்காத்துக்கு திறந்தே இருக்கும், இன்னொரு காலோட நீளமான ட்யூப் பானெட் இடுக்கு வழியா போய் ஏர் பாக்ஸோட சுத்தமான பக்கத்துல சேரணும். எஞ்சின் உறிஞ்சறப்போ அங்க அழுத்தம் குறையும், தண்ணி அந்தப் பக்கம் ஏறும், ரெண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நம்ம ரீடிங். கொத்தனார் மட்டம் பாக்கற ட்யூப் தெரியும்ல, அதே தத்துவம்தான்.

ட்யூப உள்ள விட ஏர் பாக்ஸ் மூடிய தனியா கழட்டி எடுத்து, வெளிய வெச்சு சின்னதா ஒரு துளை போட்டு, துகள் எல்லாம் கழுவி தொடச்சுட்டு, ட்யூப டைட்டா நுழைச்சு சுத்தி காத்து லீக் ஆகாம அடைச்சுடுங்க. வண்டில மூடி மாட்டியிருக்கறப்போ துளை போடவே கூடாது. வண்டி வாரண்டில இருந்தா இந்த ஸ்டெப்ப விட்டுட்டு நேரா ஸ்டெப் 4க்கு போயிடுங்க.

ரொம்ப முக்கியம்: த்ராட்டில் பாடிக்கு அப்புறம் இருக்கற எந்த பைப்புலயும் இந்த ட்யூப சொருகாதீங்க. அங்க ஐடில்ல இருக்கற வேக்குவம் பல மீட்டர் உயரத்துக்கு தண்ணிய இழுக்கும், மொத்த தண்ணியும் எஞ்சினுக்குள்ள போயிரும். ஏர் பாக்ஸோட நிறுத்திக்கங்க.

ஸ்டெப் 3: ஓட்டி பாருங்க

கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும், ஓட்டறவங்க ரீடிங் பாக்கவே கூடாது. எனக்கு மாமா பையன் வந்தான். பலகைய டேஷ்போர்டுக்கு இணையா, ரெண்டு காலும் இடம் வலமா இருக்கற மாதிரி பிடிக்கணும், முன்னும் பின்னுமா இருந்தா வண்டி வேகம் எடுக்கறப்போ தண்ணி தானாவே சாஞ்சு தப்பான ரீடிங் காட்டும். அவன் மொபைல்ல வீடியோவும் எடுத்தான்.

வீட்லேர்ந்து கிளம்பி ஊருக்குள்ள 40ல மூணாவது கியர்ல போயிட்டு இருக்கோம். "ஏனுங்ணா, தண்ணி ஆடவே இல்லீங்களே, ட்யூப் கழண்டு கிடக்குதா பாருங்க"ன்னான். வண்டிய ஓரங்கட்டி பாத்தேன், ட்யூப் சரியாத்தான் இருந்துச்சு. உண்மையிலயே அவ்வளவுதான் ரீடிங், சில மில்லிமீட்டர். தினமும் ஆபீஸுக்கு போற ஓட்டத்துல ஃபில்டர் எஞ்சினுக்கு குடுக்கற தொந்தரவு அவ்வளவுதான்.

அப்புறம் காலைல 6 மணிக்கு ஆள் இல்லாத நேரான ரோட்டுல, ரெண்டாவது கியர்ல ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சு 5500 ஆர்பிஎம் வரைக்கும். ரெண்டாவது கியர்ங்கறதால 80 கிலோமீட்டருக்குள்ளயே முடிஞ்சிரும். இப்போதான் நீலத் தண்ணி விறுவிறுன்னு ஏறுச்சு. 30,000 கிலோமீட்டர் ஓடின பழைய பேப்பர் ஃபில்டர்ல 210 மில்லிமீட்டர். புது பேப்பர் ஃபில்டர்ல 150. நண்பர்கிட்ட கடன் வாங்கின, எண்ணெய் தடவற வகை காட்டன் ஃபில்டர், அதே டப்பாக்குள்ள உக்கார்றது, அதுல 130.

இத எப்படி புரிஞ்சுக்கறது? நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம் சுமார் 10,000 மில்லிமீட்டர் தண்ணிக்கு சமம். அப்போ 100 மில்லிமீட்டர்னா 1 சதவீதம். பழைய ஃபில்டர தூக்கிட்டு புது பேப்பர் போட்டதுல கிடைச்சது 0.6 சதவீதம், அதாவது அரை பிஎச்பி. புது பேப்பர்லேர்ந்து காட்டனுக்கு போனதுல 20 மில்லிமீட்டர், 0.2 சதவீதம், 85 பிஎச்பில கால் பிஎச்பி கூட வராது. அதுவும் 5500ல முழு மிதி மிதிச்சா மட்டும். இந்த மொத்த தடை கிட்டத்தட்ட காத்தோட்டத்தோட வர்க்கத்துல மாறும், ஆர்பிஎம் பாதியானா தடை சுமார் கால்வாசி ஆயிரும். மீதி 130 எங்க போச்சுன்னா, அதுல பெரும்பங்கு வெளிக்காத்த டப்பாக்குள்ள கொண்டு வர்ற மூக்குக் குழாய், டப்பா, வளைவு இதுலதான், ஃபில்டர்ல இல்ல.

ஒப்பிட்டு பாக்க இன்னொன்னு சொல்றேன். இதே வண்டிய ஊட்டிக்கு ஏத்தினா 2200 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கோயமுத்தூர விட கிட்டத்தட்ட 20 சதவீதம் கம்மி. கல்லட்டி பக்கம் ஏறுறப்போ வண்டி திணறுது பாருங்க, மேட்டோட சேந்து காத்தும் குறைஞ்சா இப்படித்தான் இருக்கும். 0.2 சதவீதத்த உடம்பு உணராது.

ஸ்டெப் 4: துளை போடாம பாக்கணும்னா

ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், அதாவது கார் கம்ப்யூட்டர்ல இருக்கற ரீடிங்க மொபைலுக்கு அனுப்பற சின்ன கருவி, அத வாங்கி ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கற சாக்கெட்ல சொருகுங்க. ஆப்ல மேனிஃபோல்ட் பிரஷர் (த்ராட்டில தாண்டி எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) ரீடிங் வருதான்னு பாருங்க, எல்லா கார்லயும் வராது. சாவி ஆன், எஞ்சின் ஆஃப்ல காட்டறது வெளிக்காத்து அழுத்தம், கோயமுத்தூர்ல 96, 97 கிலோபாஸ்கல் காட்டும். அப்புறம் முழு மிதில அதிக ஆர்பிஎம்ல பாருங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்குக் குழாய்லேர்ந்து த்ராட்டில் வரைக்கும் எல்லாம் சேந்து தின்னறது. ஃபில்டர் அதுல ஒரு பங்குதான், அந்த பங்க தாண்டி எந்த ஃபில்டராலயும் திருப்பி தர முடியாது.

அதே ஆப்ல இன்டேக் ஏர் டெம்பரேச்சரையும், அதாவது எஞ்சின் உறிஞ்சற காத்தோட சூட்டையும் பாருங்க. கோன் ஃபில்டர் ஏன் மந்தமாச்சுன்னு எனக்கு அங்கதான் விடை கிடைச்சுது. கம்பெனி மூக்குக் குழாய் முன் பக்கத்துலேர்ந்து வெளிக்காத்த எடுக்குது, கோன் ஃபில்டர் எஞ்சின் சூட்டுக்குள்ளயே திறந்து கிடந்து அந்த அனல் காத்த உறிஞ்சுது. சிக்னல்ல நின்னா 60 டிகிரி தாண்டிருச்சு. 30 டிகிரி காத்தும் 60 டிகிரி காத்தும் ஒண்ணில்ல, சூட்டுக் காத்து 9 சதவீதம் அடர்த்தி கம்மி. 0.2 சதவீதத்த சம்பாதிக்கப் போய் 9 சதவீதத்த விட்டுட்டேன். அன்னிக்கே கழட்டினேன்.

ஸ்டெப் 5: ஸ்டாப்வாட்ச் டெஸ்ட்

மூணாவது கியர்ல 40லேர்ந்து 80 வரைக்கும் எத்தன செகண்ட், ஜிபிஎஸ் ஆப்ல எடுங்க. ஏசி ஆஃப், அதே ரோடு, போறப்பவும் வர்றப்பவும், ஒவ்வொரு ஃபில்டருக்கும் மூணு தடவை. கையில ஸ்டாப்வாட்ச் அமுக்கினா உங்க விரலோட தாமதமே ஃபில்டர் வித்தியாசத்த விட பெருசா வரும். எனக்கு பேப்பருக்கும் காட்டனுக்கும் வித்தியாசமே பிடிபடல.

தூசி பத்தி ஒரு வார்த்தை

காட்டன் விக்கறவங்க 97 சதவீதம் தூசிய பிடிக்கும்னு சொல்லி, பேப்பர் 99 பிடிக்குதுன்னு வெச்சுக்கங்க, கேக்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும். ஆனா எஞ்சினுக்குள்ள போறது 1க்கு 3, மூணு மடங்கு. நம்ம ஊர்ல பாதி ரோடு தோண்டிக் கிடக்கு, இந்த மண்ணுக்குள்ள தினம் ஓட்டற வண்டிக்கு எனக்கு இது மனசு ஒப்பல. அப்படியும் போடணும்னா கழுவி நிழல்ல ஒரு நாள் முழுசா காய விட்டு, அதுக்குன்னு வர்ற ஆயில அளவா அடிங்க, எஞ்சின் ஆயில் வேண்டாம். ஆயில் அதிகமானா உள்ள போற காத்த ஒரு சூட்டுக் கம்பி வெச்சு அளக்கற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கற கார்ல அந்தக் கம்பில படிஞ்சு ரீடிங் தப்பாகும். ட்ராக்ல முழு மிதில ஓட்டறவங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஃபில்டர கழட்டிப் பாக்கறவங்க, அவங்களுக்கு காட்டன் ஃபில்டர் பொருந்தும். டர்போ எஞ்சின் அதிக காத்து இழுக்கும், அதுல ரீடிங் வேற மாதிரி வரும், அத தனியாத்தான் அளக்கணும்.

ஸ்டெப் 6: திருப்பி மாட்டறது

மூடில போட்ட துளைய ரப்பர் க்ரோமெட் வெச்சு அடைச்சு எம்-சீல் பூசுங்க, அடுத்த நாள் வரைக்கும் இறுகட்டும். டப்பாக்குள்ள ஈரத்துணி போட்டு தொடச்சு காய விடுங்க. புது ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர், எனக்கு முன்னூத்தி சில்லற ஆச்சு, அதோட ரப்பர் ஓரம் பள்ளத்துல சுத்திலும் சமமா உக்காருதான்னு விரலால தடவிப் பாத்துட்டு கிளிப் போடுங்க, ஒரு மூலை தூக்கிட்டு இருந்தா ஃபில்டரே இல்லாத மாதிரிதான். மாட்டறதுக்கு முன்னாடி ஓரத்துல மார்க்கர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதிடுங்க, அடுத்த சர்வீஸ்ல "மாத்தியாச்சு சார்"னு பில் போட்டா திறந்து பாத்துக்கலாம்.