ஒழுங்கைக்குள் தண்ணீர்க் குழாய்: செலவைப் பங்கு பிரிப்பது எப்படி?

பெரிய வீதியில் குழாய் போகிறது, உங்கள் ஒழுங்கைக்குள் மட்டும் வரவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது பலருக்கும் தெரிந்த நிலைமைதான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக்கு வருகிறது. அம்பாறைப் பக்கத்துக்குக் கொண்டவட்டுவான் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒழுங்கையின் நூறு இருநூறு மீற்றர். நீர் வழங்கல் சபையின் திட்டத்தில் உங்கள் ஒழுங்கை இப்போதைக்கு இல்லை என்றால், செலவை வளவுக்காரர்களே ஏற்றுக் குழாயை நீட்டித் தரும்படி கேட்டுப் பார்க்கலாம். குழாய் தாழ்ப்பது பெரிய வேலையில்லை. யார் எவ்வளவு போடுவது என்பதில்தான் அயலுக்குள் முகம் திரும்பும்.

1. சரியான கதவைத் தட்டுங்கள்

தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கையில், அதாவது நாம் வாட்டர் போர்ட் என்று சொல்வதன் கையில். வீதி மாநகர சபை அல்லது பிரதேச சபையின் கையில். பெரிய வீதியைக் குறுக்கே வெட்டவேண்டி வந்தால் வீதி அபிவிருத்தித் திணைக்களமோ அதிகார சபையோ நடுவில் வரும். வாட்டர் போர்ட்டின் பிரதேசக் காரியாலயத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1939க்கு அழைத்துக் கேளுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் இயங்கும் ஊரென்றால் சங்கத்தின் பெயரில் கடிதம் போவது நல்லது. தனி ஆளின் கடிதத்தை விட அதற்குக் கனம் அதிகம்.

உங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடப்போகிறார்கள் என்று கதை அடிபட்டால், குழாய் வேலையை அதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். புதுக் கொங்கிறீட்டை வெட்ட அனுமதி வாங்குவதும் கஷ்டம், திருப்பிப் போடும் செலவும் உங்கள் தலையில்தான். பெயர்ப்பலகை திறந்த அடுத்த மாதமே வீதியைக் கொத்திய ஊர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை.

2. எஸ்டிமேட்டைப் பிரித்து வாசியுங்கள்

கையில் கிடைக்கும் மதிப்பீட்டில் குழாய், பொருத்துகள், கூலி, வீதியைப் பழையபடி ஆக்கும் செலவு எல்லாம் சேர்ந்திருக்கலாம். பொதுக் குழாய்க்கான தொகையை மட்டும் பங்கு பிரியுங்கள். பொதுக் குழாயிலிருந்து உங்கள் தண்ணீர் மீற்றருக்கு வரும் வீட்டு இணைப்பு அவரவர் செலவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு ஒருபோதும் ஒத்து வராது.

குழாயின் அளவையும் கேளுங்கள். 63 மில்லிமீற்றருக்குப் பதில் 90 போட்டால் குழாயின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒழுங்கைக்கு அப்பால் இன்னும் காணிகள் இருக்கிறதென்றால் பெரிய குழாயே நல்லது. ஆனால் அந்த மேலதிகச் செலவை இன்றைய வீடுகள் மட்டும் சுமக்க வேண்டுமா என்று பொறியியலாளரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

3. வளவுகளை எண்ணுங்கள், வீடுகளை அல்ல

வெறும் வளவும் பங்குக்கு உரியதுதான். குழாய் வந்தால் அதன் விலையும் ஏறும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் வளவு பெரும்பாலும் பெண் பிள்ளையின் பெயரில், சீதன உறுதியில் இருக்கும். கூட்டத்துக்கு வந்து தலையாட்டுபவர் மாமாவாக இருந்தாலும், பட்டியலிலும் பற்றுச்சீட்டிலும் உறுதியில் உள்ள பெயரையே எழுதுங்கள். காணிக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்தால், பார்த்துக்கொள்பவரின் வாய்ச்சொல் போதாது. சொந்தக்காரரே ஒப்புக்கொண்டதாக ஒரு வட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வையுங்கள்.

4. கணக்குப் போடும் முறை

ஒரு உதாரணம் எடுப்போம். 200 மீற்றர் ஒழுங்கை, 12 வளவுகள், செலவு 7,20,000 ரூபா. (கணக்குக்காக நானே வைத்த எண்கள். உண்மை விலை வேறாகத்தான் இருக்கும்.)

சமபங்கு என்றால் ஆளுக்கு 60,000. சொல்ல இலேசு. ஆனால் 15 மீற்றர் முகப்புள்ள (அதாவது ஒழுங்கையோடு ஒட்டிய பக்கம்) சின்ன வளவும் 60 மீற்றர் முகப்புள்ள தென்னந்தோப்பும் ஒரே காசா?

முகப்பு அளவில் பிரித்தால், பன்னிரண்டு வளவின் முகப்பும் சேர்த்து 360 மீற்றர் என்று வையுங்கள், மீற்றருக்கு 2,000 ரூபா. சின்ன வளவுக்கு 30,000, தோப்புக்கு 1,20,000. அதே தோப்பில் ஒரேயொரு தண்ணீர்க் குழாய்தான் வரப்போகிறது என்று தோப்புக்காரர் வாதாடுவார். அதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, தூரத்தைப் பார்ப்பது. ஒழுங்கையை 50 மீற்றர்த் துண்டு நான்காக்குங்கள். துண்டுக்கு 1,80,000 செலவு, மூன்று வளவு. முதல் துண்டு எல்லோருக்கும் பொது, ஆளுக்கு 15,000. இரண்டாவதைப் பின்னால் உள்ள ஒன்பது பேர் பகிர்ந்தால் 20,000. மூன்றாவது ஆறு பேருக்கு 30,000. கடைசித் துண்டு மூவருக்கு 60,000. முதல் வீட்டுக்கு 15,000, கடைசி வீட்டுக்கு 1,25,000 வந்து நிற்கும். கணக்குச் சுத்தம், ஆனால் ஒழுங்கையின் அடியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். இந்த முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

என் விருப்பம் பாதிக்குப் பாதி. 3,60,000ஐ சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 30,000. மிச்சம் 3,60,000ஐ முகப்பு மீற்றருக்கு 1,000 என்று பிரியுங்கள். சின்ன வளவுக்கு 45,000, தோப்புக்கு 90,000. இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுக்கும், ஆனால் எழுந்து போகமாட்டார்கள். மூலை வளவுக்கு ஒரு முகப்பை மட்டும் எடுங்கள், மற்ற ஒழுங்கைக்கு நாளை அவர் வேறாகக் கட்ட வேண்டி வரும்.

5. பிறகு சேருபவர்

சண்டையெல்லாம் கிளம்புவது இங்கேதான். இருவர் "இப்ப வேணாம், கிணறு இருக்கு" என்று ஒதுங்குகிறார்கள். சமபங்கு முறையில் மிச்சம் பத்துப் பேர் ஆளுக்கு 72,000 போட்டுக் குழாயை இழுக்கிறார்கள். வீதியில் தாழ்த்த பிறகு குழாய் சபையின் சொத்து, நீங்கள் அதற்குப் பூட்டுப் போட முடியாது. ஒதுங்கியவர் அடுத்த கோடையில் நேரே விண்ணப்பித்து இணைப்பு எடுத்தால் என்ன செய்வீர்கள்?

அதனால் காசு சேர்க்க முதலே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒதுங்குபவரும் போட வேண்டும்: "நான் இணைப்பு எடுக்கும் நாளில் என் பங்கைச் செலுத்துவேன்" என்று. பதினோராவது ஆள் வந்தால் மொத்தத்தைப் பதினொன்றால் பிரித்து 65,450 ரூபா வாங்கி, முதல் பத்துப் பேருக்கும் 6,545 வீதம் திருப்பிக் கொடுங்கள். பன்னிரண்டாமவர் 60,000 தருவார், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 5,454. எத்தனை வருஷத்துக்கு இந்த ஏற்பாடு செல்லும் என்பதையும் எழுதுங்கள். பத்து வருஷம் போதும் என்பது என் எண்ணம், அதற்குமேல் யாருக்கும் கணக்கு நினைவிருக்காது. அந்தப் பேப்பரின் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள். சட்டப்படி எவ்வளவு நிற்கும் என்பது வேறு கதை, அயலுக்குள் அது போதும்.

6. காசு

தனி ஆளின் கணக்கில் சேர்க்காதீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. இல்லாவிட்டால் அவரவர் பங்கைச் சேர்த்த அன்றே சபையில் கட்டி, ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். ஒரே தொகையாகக் கொடுக்க முடியாதவருக்கு இரண்டு தவணை கொடுக்கலாம், ஆனால் முழுத்தொகையும் சேராமல் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். மார்கழி, தை மாரியில் குழி தோண்டினால் மணல் சரிந்து தண்ணீர் நிற்கும், ஆகவே மாசியிலிருந்து புரட்டாதிக்குள் முடிப்பதற்கு ஏற்றபடி பணத்தைத் திரட்டுங்கள். வேலை முடிந்து மிச்சம் வந்தால், போட்ட விகிதத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.