சுற்றறிக்கைக்குச் சுளுக்கெடுப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, துரைகள் மாறினார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஆங்கிலம் மட்டும் மாறவில்லை. இன்றும் இளம் கிராணிகள் நிர்வாகத்தின் ஆங்கிலக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்: "ஐயா, இதைத் தமிழில் போட்டுத் தாருங்கள்." உடனே தமிழுக்குப் போகாதீர்கள். முதலில் ஆங்கிலத்தை நிமிர்த்துங்கள். கோணல் ஆங்கிலத்தை மொழிபெயர்த்தால் கோணல் தமிழ்தான் வரும்.

ஒரு கடிதத்தின் சாரம் இது: "கூரைப் பழுது தொடர்பான விண்ணப்பங்கள் உரிய படிவத்தின் வாயிலாகச் சமர்ப்பிக்கப்படும் பட்சத்தில், அவை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, தகுந்த நடவடிக்கை மேற்கொள்ளப்படும்."

பென்சிலை எடுங்கள். வினைகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றின் மேலும் "யார்?" என்று எழுதுங்கள். யார் பரிசீலிப்பார்? யார் நடவடிக்கை எடுப்பார்? எப்போது? கடிதத்தில் விடை இல்லை. எழுதத் தெரியாததால் இப்படி எழுதுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி நேரம் காரணம் அதுவல்ல. யார் செய்வது என்று அலுவலகத்தில் இன்னும் முடிவே ஆகியிருக்காது. ஆகவே உங்கள் முதல் வேலை திருத்துவதல்ல, கேள்விகளோடு மானேஜரிடம் போவது. அவர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை.

விடை கிடைத்தபின் கடிதம் தானாகவே சுருங்கும்: "கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்லுங்கள். படிவத்தை அவரே நிரப்புவார். ஏழு நாள்களுக்குள் தச்சர் வந்து பார்ப்பார்." அந்த ஏழு நாள் கணக்கு மானேஜர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். நீங்களாகச் சேர்த்தால் மழைக்காலத்தில் வசை உங்களுக்குத்தான்.

ஆங்கிலச் சொற்களில் களை பிடுங்குவது எளிது. 'இன் தி ஈவென்ட் தட்' என்று வந்தால் 'இஃப்' போதும். 'பிரையர் டு' என்றால் 'பிஃபோர்'. 'கிவ் கன்சிடரேஷன் டு' என்றால் 'கன்சிடர்'. 'ஷால்' வேண்டாம், கடமையைச் சொல்ல 'மஸ்ட்' எழுதுங்கள். அமெரிக்க அரசின் எளிய நடை வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது; அங்கே 2010இல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது. அதற்கு முன்பே, 1979இல், லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைத் துண்டு துண்டாக்கி எளிய ஆங்கிலத்துக்காக இயக்கம் தொடங்கினார் கிறிசி மேகர். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. பென்சிலோடு சரி.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதை எளிமை என்ற பெயரில் "மாதத் தொடக்கத்தில்" என்று மாற்றினால் தொழிலாளியின் உரிமையில் பாதியை அழித்துவிட்டீர்கள். தேதி, தொகை, விதிவிலக்கு, சட்டப் பிரிவு எண் ஆகியவற்றை அப்படியே விடுங்கள். நீளமான விதிவிலக்கைத் தனி வாக்கியமாக்குங்கள், வெட்டாதீர்கள். "மதிப்பிற்குரிய" போன்ற மரியாதைச் சொல் ஒன்று தொடக்கத்தில் இருக்கட்டும். நம் பெரியவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். மூன்று வேண்டாம்.

கடைசியில் சோதனை. ஒட்டுக்கடையில் (சிறு சாப்பாட்டுக் கடையில்) உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால் நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். மாற்றியதை வேறொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்; முதலாமவருக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே.