கறி முயலுக்கு எந்தத் தழை?

சீக்கிரம் எடை ஏறட்டும் என்று தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தையே அள்ளிப் போட்டால் முயலுக்குக் கழிச்சல்தான் வரும். தழையைச் செரிக்கவைக்கும் அதன் குருட்டுக்குடல் ஒழுங்காக வேலை செய்ய நார் வேண்டும். மொத்தத் தீவனத்தில் 14 முதல் 18 சதவீதம் இருந்தால் சரி.

கம்பு நேப்பியர் புல்லில் நார் அதிகம், புரதம் குறைவு. வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனச் செடிகளில் புரதம் கூடுதல். புல்லையும் மசாலையும் கலந்து போடுங்கள். முயல் மசால் என்றே ஒரு செடி உண்டு, மானாவாரியிலும் வளரும். சவுண்டல் (சூபாபுல்) மர இலை மட்டும் கொஞ்சமாகத்தான், அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் முடியைக் கொட்டவைத்துவிடும்.

காய்ந்த கடலைக்கொடி அருமையான நார். ஆனால் பூஞ்சை வாடை அடித்தால் யோசிக்காமல் குப்பைக்குழியில் போடுங்கள், 'மாட்டுக்காவது ஆகுமே' என்று எடுத்துவைக்க வேண்டாம். அப்புறம், பனி ஈரத்தோடு அறுத்த தழையை நிழலில் பரப்பி வாடவிட்டுக் கொடுங்கள்.