படகு மோட்டார் மேலே தூக்க வரவில்லையா? முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள்

காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் நண்பர் ஒருவர் ஐப்பசி மழைக்கு அப்புறம் பழைய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது) ஒன்றை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் இறக்கினார். தண்ணீருக்குள் இறங்கும், விசிறி மாட்டிய அதன் கீழ்ப்பகுதியைத்தான் கால் என்போம். "ணா, இஞ்சின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. ஆனா காலைத் தூக்கவே முடியல. ரெண்டு பேர் தொங்கிப் பார்த்துட்டோம்." பழவேற்காட்டு உப்புத் தண்ணீரில் பல வருடம் உழைத்துவிட்டு, செகண்ட் ஹாண்டில் இங்கே வந்து சேர்ந்த மோட்டார் அது. சித்திரையில் ஏரித் தண்ணீர் இறங்கியதும் கழற்றி, பம்புசெட் கொட்டகையில் போட்டிருக்கிறார். ஆறு மாதம் யாரும் தொடவில்லை.

நான் வாலாஜா பக்கம் பம்புசெட் வேலை பார்க்கிறவன். இந்தப் பக்கம் படகு மோட்டார் வருவது அபூர்வம். வந்த நாலைந்திலும் கோளாறு ஒன்றுதான்: ஓடி ஓடித் தேய்ந்ததல்ல, சும்மா கிடந்து பிடித்துக்கொண்டது. கடலோரத்து மோட்டார் தினமும் ஏறி இறங்குகிறது. நம் ஏரி மோட்டாருக்கு வருடத்தில் பாதி லீவு. உள்ளே மிச்சமிருந்த உப்பும், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் கருப்பட்டி மாதிரி இறுகிய கிரீசும் சேர்ந்து இரும்பையும் அலுமினியத்தையும் ஒட்டிவைத்துவிடும்.

தூக்காமல் ஓட்டினால் என்ன என்று கேட்காதீர்கள். ஏரி ஓரத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அடியில் வெட்டிய வேலிகாத்தான் கட்டைகள் நிற்கும். கால் கட்டையில் மோதினால் தானாக மேலே எகிற வேண்டும். எகிறாவிட்டால் அடி முழுவதும் விசிறிக்கும் படகின் பின்பலகைக்கும் போகும்.

முதல் வேலை: உண்மையில் எது பிடித்திருக்கிறது?

பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரிவர்ஸில் போகும்போது விசிறி இழுக்கிற இழுப்பில் கால் மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு கொக்கி உண்டு. ரிவர்ஸ் லாக் என்பார்கள். கியர் ரிவர்ஸில் இருக்கும்வரை பல மாடல்களில் அந்தக் கொக்கி விடாது. அதனால் முதலில் கியரை நியூட்ரலில் போடுங்கள். தனியாக டில்ட் லாக் லீவர் (மோட்டார் ஏறி இறங்காமல் பூட்டுவது) இருந்தால் அதையும் விடுவியுங்கள். டார்ச் அடித்து, மோட்டாரைப் படகில் மாட்டும் பிராக்கெட்டுக்கு நடுவே குறுக்காக இருக்கும் கம்பியைப் பாருங்கள். கொக்கி அந்தக் கம்பியைக் கவ்வியபடியே இருந்தால் கோளாறு கொக்கியில்தான்: ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், அல்லது கியரிலிருந்து வரும் இணைப்புக் கம்பி வளைந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பாருங்கள். கால் வந்துவிட்டால் பாதி ஜெயித்தாயிற்று. ஸ்பிரிங்கை மாற்றி எண்ணெய் விட்டால் போதும்.

கொக்கி விட்டும் அசையவில்லை என்றால், பிடித்திருப்பது டில்ட் டியூப். பின்பலகையைக் கவ்வும் இரண்டு பிராக்கெட்டுகளையும் மோட்டாரைத் தாங்கும் நடு பிராக்கெட்டையும் ஊடுருவிப் போகும் இரும்புக் குழாய் அது. கதவுக்குக் கீல் எப்படியோ, மோட்டாருக்கு இது அப்படி.

தொடங்கும் முன்

பெட்ரோல் டேங்கை கழற்றித் தூரமாக வையுங்கள். ஸ்பார்க் பிளக் கேப்பை எடுத்துவிடுங்கள். மோட்டாரைத் தரையில் படுக்க வைத்து வேலை செய்யாதீர்கள். தடித்த மரச்சட்டம் அடித்து, படகில் மாட்டுவது போலவே மாட்டுங்கள். பத்து குதிரைத்திறன் மோட்டாரே ஏறக்குறைய 40 கிலோ. பிடித்தது திடீரென்று விட்டால் நடுவில் மாட்டும் விரல் போச்சு. அதனால் மேலிருந்து ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

எண்ணெயும் பொறுமையும்

பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பிராக்கெட் இடுக்குகளைத் தேய்த்து, சேறும் வெள்ளைப் பூப்பும் போகக் கழுவிக் காயவிடுங்கள். அந்த வெள்ளைப் பூப்பு அலுமினியம் அரித்த தூள். அதுதான் இடைவெளியை அடைத்து நிற்கிறது.

அடுத்து கிரீஸ் நிப்பிள், அதாவது உள்ளே கிரீஸ் ஏற்றும் சின்ன முனை. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே போகாது, பக்கவாட்டில் பிதுங்கும். பழைய கிரீஸ் கல்லாகிவிட்டது என்று அர்த்தம். நிப்பிளையே கழற்றி, ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்து, பெனட்ரேட்டிங் ஆயில் (இடுக்கில் ஊடுருவும் எண்ணெய்) விடுங்கள். டபிள்யூ.டி. 40 கடையில் சுலபமாகக் கிடைக்கும், பரவாயில்லை. துரு விடுவிக்கவென்றே விற்கும் எண்ணெய் இன்னும் நன்றாக இறங்கும். குழாயின் இரண்டு முனைகளிலும், பிராக்கெட்டுகள் சேரும் கோடுகளிலும் விடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் குழாய் முனையில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அது அடி இல்லை. எண்ணெய் உள்ளே இறங்க ஒரு அதிர்வு, அவ்வளவுதான்.

மூன்று நாளா என்று சலிப்பவர்களுக்கு என் கதை. முதன்முதலில் வந்த மோட்டாரில் எனக்கும் அவசரம். நாலு பவுண்டு சுத்தியலால் இரண்டு போடு போட்டேன். மூன்றாவது போட்டில் கிளாம்ப் பிராக்கெட் பிஸ்கட் மாதிரி உடைந்தது. வார்ப்பு அலுமினியம் வளையாது, உடையத்தான் செய்யும். புது பிராக்கெட் வாங்கிக் கொடுத்ததில் அந்த மாதக் கூலி முழுவதும் போனது.

ஊறும் நேரத்தில் குழாய் முனையில் இருக்கும் பெரிய நட்டையும் பாருங்கள். யாராவது ஆட்டம் இருக்கிறதென்று அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். கால்வாசிச் சுற்று தளர்த்தினாலே சில மோட்டார் விட்டுவிடும்.

அசைப்பது எப்படி

மேல் மூடியையோ கைப்பிடியையோ பிடித்து இழுக்காதீர்கள், இரண்டும் உடையும். விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் காலைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஒரு நூல் அளவு அசைந்தால் போதும். அங்கேயே நிறுத்தி எண்ணெய் விட்டு, திரும்ப ஆட்டுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் துரு ஆப்பு மாதிரி இறுகிவிடும்.

அப்படியும் மசியாவிட்டால் சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெளியே அலுமினியம், உள்ளே இரும்பு. அதனால் சூடு நமக்குச் சாதகம். ஆனால் கேஸ் வெல்டிங் நெருப்பு வேண்டாம். அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரிக்குள்ளாகவே சட்டென்று உருகிவிடும். உள்ளே நைலான் புஷ் இருந்தால் அதற்கு முன்பே அது போய்விடும். எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டினால் பற்றவும் பற்றும். நான் செய்வது எளிது: கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரை பிராக்கெட் மேல் மெதுவாக ஊற்றி, உடனே ஆட்டுவது. ஐந்தாறு தடவை. நண்பரின் மோட்டார் மூன்றாம் நாள் மதியம், நாலாவது கெட்டிலுக்கு 'டக்' என்று விட்டது.

விட்ட பிறகு அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள். முழுதாக ஏற்றி இறக்கி இருபது முப்பது தடவை ஆட்டுங்கள். பழுப்புச் சேறு வழியும். முடிந்தால் நட்டைக் கழற்றி குழாயையே வெளியே எடுப்பது நல்லது. நட்டை மரையின் முனைவரை தளர்த்தி, அதன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் மரை கெடாது. வைஸில் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டையில் தோல் துண்டுக்கா பஞ்சம்? நைஸ் எமரியால் துருவை எடுத்து, தண்ணீர் கரைக்காத மெரைன் கிரீஸ் தடவி மாட்டி, நிப்பிள் வழியே புது கிரீஸ் இரண்டு முனையிலும் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். கார் வீல் கிரீஸ் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.

பட்டனில் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டார் என்றால் கதை வேறு. அதில் பிராக்கெட் பக்கவாட்டில் ஒரு மேனுவல் ரிலீஸ் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் கையால் தூக்கலாம். காஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் இருந்தால் அதை மட்டும் பிரிக்காதீர்கள், அழுத்தத்தில் இருக்கும்.

ஏரி வற்றி மோட்டாரைக் கழற்றும்போது நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் அடித்து, கால் கீழே இருக்கும்படி நிமிர்த்தியே வையுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். மாதம் ஒரு முறை அந்தப் பக்கம் போகும்போது பத்துத் தடவை தூக்கி இறக்கினால் போதும். மூடிவைக்க பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளேயே வேர்த்துத் துருவேறும். பழைய பருத்திச் சேலை போதும்.